தன் தவறைத் தன் பெயரோடு சொன்ன பெரியத்தா

படைத்தவனைப் புகழ்ந்து, அவனுடைய கருணையை என் அண்ணனுக்காக, உங்கள் பெரியத்தாவுக்காகக் கேட்டு இதை எழுதுகிறேன்.

ஸபீனா, அனஸ், என் பிள்ளைகளே, இந்த ஓராண்டு நினைவு மலரில் பள்ளிவாசல் பெரியவர்களும் சொந்தக்காரர்களும் பெரியத்தாவைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டார்கள். மரியாதை கருதி விட்டிருப்பார்கள். உங்கள் பெரியம்மாதான், "பிள்ளைகளுக்கு அது தெரியணும், நீ எழுது" என்று என்னிடம் சொன்னார். நான் பஜாரில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தமிழ் எழுத்து எங்கள் அத்தா வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. உங்களுக்கு மலையாளம் வேகமாக ஓடும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியத்தா பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில். அவருக்கு ஆறு வயதாகும்போது எங்கள் அத்தா குடும்பத்தோடு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து அரிசி கோடவுனில் சுமை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நான் இங்கே வந்தபிறகு பிறந்தவன். பெரியத்தா பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மூட்டை சரிந்து அத்தாவின் முதுகில் விழுந்தது. அதற்குப்பிறகு அத்தாவால் குனிய முடியவில்லை. பெரியத்தா புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு தோப்பும்படி பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் எண்ணெய் போடுகிற ஆளாகச் சேர்ந்தார். இறாலும் மீனும் உறைய வைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற கம்பெனி அது.

ஐஸ் பிளாண்ட் என்றால் நீங்கள் ஐஸ் கட்டியை நினைப்பீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பெரிய பெரிய கம்ப்ரசர்கள், சுவர் முழுக்கக் குழாய்கள், ஆள் உயரத்துக்குத் தொட்டிகள். குழாய்க்குள் ஓடுவது அமோனியா. அங்கே வேலை செய்பவர்கள் அதை 'கேஸ்' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேஸ்தான் குளிரைத் தருகிறது. அதே கேஸ் வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். பூட்டி வைத்திருக்கும்வரை வேலைக்காரன், வெளியே வந்தால் எமன் என்று பெரியத்தா சொல்வார்.

அந்தக் காலத்தில் இந்த வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. ஆபரேட்டர் வால்வைத் திருப்பும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எத்தனை சுற்றுத் திருப்புகிறார் என்று பக்கத்தில் இருப்பவன் பார்க்கக் கூடாது. பார்த்துக் கற்றுக்கொண்டால் நாளைக்கு அவன் இந்த இடத்துக்கு வந்துவிடுவானே என்ற பயம். பெரியத்தா எப்படிக் கற்றுக்கொண்டார் தெரியுமா? ஆபரேட்டரின் முழங்கை நிழல் சுவரில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணிக் கற்றுக்கொண்டார். இதை அவர் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவர் ஆபரேட்டர் ஆனதும் என்ன செய்தார்? அவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அளவு காட்டுகிற மீட்டரின் மேல் ஒரு துணியைப் போட்டு வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தார்.

அங்கே ஃபிட்டராக இருந்தவர் சாஜு. ஆலுவாக்காரர். பெரியத்தாவைவிடப் பத்து வயது சின்னவர். பெரியத்தாவை அண்ணன் முறையில் 'இக்கா' என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவார்கள். அவர் பேசுகிற தமிழ் முழுக்கப் பெரியத்தாவிடம் கற்றது, பாதி மலையாளம் கலந்திருக்கும். ஒரு தடவை நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"இக்கா, அந்த வால்வுக்கு எத்தனை சுத்து?"

"நீ ஃபிட்டர். போய் பெல்ட்டைப் பாரு."

"எந்தா இக்கா, இதெல்லாம் மேல கொண்டுபோய் அங்க ஒரு ஐஸ் பிளாண்ட் தொறக்கப் போறீங்களா?"

பெரியத்தா சிரித்தார்.

இனி அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

கம்ப்ரசரில் ஊற்றுகிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸோடு போய்த் தொட்டிகளின் அடியில் தங்கிவிடும். அதை அவ்வப்போது அடியில் இருக்கும் வால்வைத் திறந்து வாளியில் வடித்து எடுக்க வேண்டும். எண்ணெய் முடிந்து கேஸ் வருகிற நேரத்தில் மூடிவிட வேண்டும். சொல்வதற்குச் சின்ன வேலை. ஆனால் குளிரில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். வால்வைத் திறந்தாலும் ஒரு சொட்டு வராது. அப்போது பல ஆபரேட்டர்கள் ஒரு வேலை செய்வார்கள். வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு வருவார்கள். வருவதற்குள் எண்ணெய் இளகித் தானாக இறங்கத் தொடங்கியிருக்கும். எழுதி வைத்த முறை அது இல்லை. வால்வில் இருந்து கை எடுக்கக் கூடாது என்பதுதான் முறை. ஆனால் செய்து செய்து பழகிவிட்டால் முறை எது, பழக்கம் எது என்று தெரியாமல் போய்விடுகிறது.

பெரியத்தாவும் அன்று காலையில் அதைத்தான் செய்தார். திறந்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார். வரவில்லை. முன்பக்கம் சாயாக்காரர் வந்திருந்தார். பெரியத்தா போய்விட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம்தான் அவருக்கு இல்லையே.

அடைப்பு ஒரே அடியாக உடைந்தது. எண்ணெய் பீறிட்டது, பின்னாலேயே கேஸ். பக்கத்து அறையில் சாஜு பம்ப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் வெள்ளைப் புகை. ஏதோ குழாய் உடைந்துவிட்டது, இக்கா உள்ளே இருக்கிறார் என்று நினைத்து அவர் ஓடிப் போனது வெளியே இல்லை, உள்ளே. "வால்வைத் திறந்து வச்சிருக்கேன், பார்த்துக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை பெரியத்தா அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் சாஜுவுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

பெரியத்தா ஓடி வந்தார். துண்டைத் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்து போனார். கையால் துழாவி வால்வை மூடினார். சாஜுவைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். குழாயடியில் படுக்கவைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தண்ணீரால்தான் ஒரு கண்ணாவது மிஞ்சியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கண் போய்விட்டது. நெஞ்சும் பழையபடி ஆகவில்லை. நான்கு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

வால்வை மூடியது பெரியத்தாவின் கை. அதனால் அது திறந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். விசாரித்தவர்கள் பழைய வால்வு, உள்ளே தேய்ந்து வெடித்துவிட்டது என்று எழுதினார்கள். புது வால்வு போட்டார்கள். உயிரைப் பணயம் வைத்துத் தோழனைக் காப்பாற்றியவர் என்று நம் தெருவில் கூட்டம் போட்டுப் பெரியத்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஸபீனா, அந்தக் கூட்டத்தில் நீ என் மடியில் உட்கார்ந்து கைதட்டினாய். ஆஸ்பத்திரியில் சாஜு படுக்கையில் இருந்தபடி பெரியத்தாவின் கையைப் பிடித்துத் தன் கட்டுப்போட்ட நெற்றியில் வைத்துக்கொண்டார்.

பொன்னாடை போர்த்திய அன்று சாயங்காலம் பெரியத்தா என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "ஜெட்டிப் பக்கம் விடு" என்றார். படகுத்துறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். பொன்னாடையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

"வால்வு வெடிக்கலடா. நான் தொறந்து வச்சிட்டுப் போனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, இதை இனி யார்கிட்டயும் சொல்லாதீங்க. எழுதி முடிச்சாச்சு. போலீசு, கேசுன்னு அலையணுமா? இப்ப சொன்னா சாஜுவோட கண்ணு திரும்பி வருமா?"

"வராது," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் பாதிப் பாவம் என்னுடையது, பிள்ளைகளே. அவர் சொல்ல வந்தார். நான் அடைத்துவிட்டேன்.

ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. எங்கே ஆள் தேவை, யாருக்கு வேலை வேண்டும் என்று போடுவார்கள். காலை வணக்கம், பூப்படம், பழைய ஜோக் எல்லாம் வரும். கொச்சி ஆட்கள்தான் அதிகம். தூத்துக்குடி, மங்களூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். ஒரு நாள் அதில் ஒரு செய்தி வந்தது. வேறொரு கடற்கரை ஊரில் எண்ணெய் வடிக்கும்போது வால்வு வெடித்து ஒரு ஆபரேட்டர் இறந்துவிட்டாராம். எல்லோரும் கைகூப்பிய படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியத்தா போனை என் கையில் கொடுத்தார்.

"இவனும் சாயா குடிக்கப் போயிட்டுத் திரும்பி வந்து மாட்டியிருக்கான்டா," என்றார். "வால்வு வெடிச்சுதுன்னு இவனுக்கும் எழுதிட்டாங்க. வால்வை மாத்துவாங்க. நாளைக்கு அடுத்தவன் தொறந்து வச்சிட்டுப் போவான். நான் அன்னிக்கே சொல்லியிருந்தா இவன் கேட்டிருப்பான்."

நான் மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"முதல்ல சாஜுகிட்ட சொல்லணும். ஆலுவாவுக்கு வண்டி எடு."

சாஜுவின் வீடு பெரியாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருடைய மனைவி லிஸி சேச்சி எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தார். சாஜு ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடித் துண்டு வைத்த மாதிரி ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"வாங்க இக்கா. எந்தா முகம் ஒரு மாதிரி? வீட்டுல சேச்சிகூட சண்டையா?"

பெரியத்தா சாயாவைத் தொடவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னார். திறந்து வைத்தது, சாயா குடிக்கப் போனது, யாரிடமும் சொல்லாதது, மூடியது, ஒரு வருடம் மறைத்தது. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். லிஸி சேச்சி கதவோரம் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் முன்னால் வந்து, பெரியத்தாவுக்கு வைத்த சாயாக் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு வைத்ததை விட்டுவிட்டார். அந்த ஒற்றை கிளாஸை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

சாஜுதான் பேசினார்.

"ஆஸ்பத்திரியில உங்க கையை எடுத்து நெத்தியில வச்சேனே இக்கா. அப்போ சொல்லியிருக்கலாமே."

"பயந்துட்டேன்."

"தினமும் உங்களுக்கு வேண்டி பிரார்த்திச்சேன். இந்த ஒரு வருஷமும்."

பெரியத்தா தலை குனிந்துகொண்டார்.

"இப்ப என்ன, என்கிட்ட சொன்னதோட பாரம் இறங்கிடுச்சா?"

"இல்ல. குரூப்புல சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். பேரு எதுவும் சொல்ல மாட்டேன்."

சாஜு எழுந்துகொண்டார். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. "பேரு சொல்லாம சொன்னா எவனும் கேட்க மாட்டான். எங்கயோ யாரோன்னு விட்டுட்டு அடுத்த ஜோக்கைப் பார்ப்பான். உங்க பேர் சொல்லணும். என் பேரும் சொல்லணும். என் கண்ணு போனதையும் சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்." பிறகு பெரியத்தா கேட்டார்: "என்னைப் பொறுப்பியா சாஜு?"

"அதை இப்போ கேட்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அதே ஜெட்டிப் பக்கம், என் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பெரியத்தா குரலைப் பதிவு செய்தார். வீட்டில் செய்ய முடியாது, பெரியம்மா அழுவார். எத்தனையோ தடவை ஆரம்பித்து அழித்தார். ஒரு தடவை படகு ஹாரன் அடித்தது. ஒரு தடவை மீன்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "லோடு இருக்கு, வருவியா?" என்று என்னைக் கேட்டுவிட்டார். கடைசியில் அவர் அனுப்பியது இது. என் போனில் இன்னும் இருக்கிறது, கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். முதல்ல என் தப்பு. போன வருஷம் எங்க பிளாண்டுல நடந்தது வால்வு வெடிச்சு இல்ல. எண்ணெய் வடிக்க நான் தொறந்தேன், வரல, தொறந்தபடியே விட்டுட்டு சாயா குடிக்கப் போனேன். நம்ம ஃபிட்டர் சாஜு, ஆலுவா சாஜு, எல்லாருக்கும் தெரியும், அவனோட கண்ணு போனது என்னால. நீங்களும் இப்படிப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் பார்த்திருக்கேன். போகாதீங்க. எண்ணெய் வரலேன்னா மூடிட்டுப் போங்க. கை வால்வுல இருக்கணும். பக்கத்துல இருக்கிற ஆள்கிட்ட, நான் தொறக்கப் போறேன்னு சொல்லிட்டுத் தொறங்க. எத்தனை சுத்துன்னும் சொல்லுங்க. மறைக்காதீங்க. நான் மறைச்சேன்."

கடைசியில் தன் முழுப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் சொன்னார்.

எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக் குறி வந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. காலை வணக்கம்கூட நின்றுவிட்டது. இரண்டு நாள் அந்தக் குரூப்பில் ஒரு பூப்படம் இல்லை. பெரியத்தா போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, அது அசைகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் தூத்துக்குடியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, வணக்கம். முதல்ல என் தப்பு. நான் நேத்திக்குக் கூட தொறந்து போட்டுட்டு வெத்தலை வாங்கப் போயிட்டேன். ஒண்ணும் ஆவல. இனிமே போக மாட்டேன்."

பிறகு மங்களூர். பிறகு நம் தோப்பும்படியிலேயே இரண்டு பேர். எல்லோரும் 'முதல்ல என் தப்பு' என்றே ஆரம்பித்தார்கள். ஒருவர் பாதுகாப்பு முகமூடியை அலமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனதைச் சொன்னார். ஒருவர் தரையில் திரவமாகக் கொட்டிக் கிடந்த கேஸின்மேல் தண்ணீரை அடித்துப் புகையை இரண்டு மடங்காக்கியதைச் சொன்னார். தண்ணீரைப் புகைமேல் அடிக்க வேண்டும், கொட்டிக் கிடப்பதன்மேல் அடிக்கக் கூடாது என்று அன்றுதான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. நான் அந்த வேலை தெரியாதவன். ஆனாலும் என் ஆட்டோவில் உட்கார்ந்து அந்தக் குரல்களைக் கேட்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி நின்று முகத்தைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

கம்பெனியில் கூப்பிட்டு, "உங்களை யார் இதையெல்லாம் பேசச் சொன்னது?" என்று கேட்டார்கள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பெரியத்தா சண்டை போடவில்லை. சிலர் அவரை ரோட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். பொன்னாடை போர்த்தியவர்களில் ஒருவர், "எங்களை முட்டாள் ஆக்கிட்டீங்களே பாய்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். "ஆமாம், ஆக்கிட்டேன்," என்றார் பெரியத்தா. சில மாதம் என்னோடு ஆட்டோவில் வந்து இஞ்சி மூட்டை, மிளகு மூட்டை இறக்கினார். அந்த நேரத்திலும் போன் வந்துகொண்டே இருக்கும். மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு யாருக்கோ வால்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரியம்மா சொன்னார்: "வேலையை விட்டுத்தான் அனுப்பினாங்க. டியூட்டி வீட்டுக்கு வந்துருச்சு."

பிறகு வெலிங்டன் தீவில் ஒரு குளிர்க் கிடங்குக்காரர் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கிடங்கின் ஆபரேட்டர் குரூப்பில் இருந்தவர், அவர்தான் முதலாளியிடம் பேசியது. அங்கே பெரியத்தா செய்த முதல் வேலை, ஒவ்வொரு வால்வுக்கும் மேலே ஒரு அட்டை தொங்கவிட்டது. எத்தனை சுற்று, எப்போது, என்ன ஆபத்து என்று எழுதியிருக்கும். தமிழை அவரே எழுதினார். மலையாளம் ஸபீனா, நீ எழுதிக் கொடுத்தாய். நீ அதை ஏதோ ஸ்கூல் சார்ட் மாதிரி கலர் பேனாவில் எழுதினாய், பெரியத்தா பூவை மட்டும் அழிக்கச் சொன்னார். இந்தியை அங்கே வேலை செய்த ஒடிசாக்காரர் ஒருவர் எழுதினார்.

அந்த அட்டைகளைப் போட்டோ எடுத்துப் பெரியத்தா குரூப்பில் போட்டார். அது எங்கெங்கே போனது என்று அவருக்கே தெரியாது. குஜராத்தில் ஒரு மீன் துறைமுகத்தில் இருந்து ஒருவர் போட்டோ அனுப்பினார். அந்த ஊர்ச் சுவரில், அந்த ஊர் எழுத்தில், அதே அட்டை. கீழே ஒரு மூலையில் நம் தமிழ் வரி ஒன்றையும் பார்த்துப் பார்த்து அப்படியே வரைந்து வைத்திருந்தார்கள். பெரியத்தா கோயம்புத்தூர் தாண்டி எங்கேயும் போனதில்லை. அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அல்லாஹ்வே, இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே" என்று மட்டும் சொன்னார். நான் அப்போது அவரைப் பார்த்தேன். இந்த மனிதரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் சாஜு பேசவில்லை. குரூப்பில் அவர் இருந்தார், எல்லாவற்றையும் கேட்டார், ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் பெரியம்மா பிரியாணி செய்து தருவார், நான் ஆலுவாவுக்குக் கொண்டுபோவேன். லிஸி சேச்சி வாங்கிக்கொள்வார், போன தடவை வந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவார். சாஜு வெளியே வர மாட்டார். திரும்பி வந்ததும் பெரியத்தா, "ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்பார். "இல்லண்ணே" என்பேன். ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். கடைசியில் இருதய நோயாகப் படுத்திருந்தபோதும் கேட்டார். அன்று பெருநாளும் இல்லை, நான் ஆலுவாவுக்குப் போகவும் இல்லை.

படுக்கையில் இருந்தபடி அவர் குரூப்புக்கு அனுப்பிய கடைசிச் செய்தி ரொம்பச் சின்னது. "முதல்ல என் தப்பு. மாத்திரையை நேரத்துக்குப் போடல. நெஞ்சு வலிச்சப்போ வாயுன்னு நினைச்சு ரெண்டு நாள் மறைச்சிட்டேன். நீங்க மறைக்காதீங்க." அதற்கு மூன்றாம் நாள் காலையில், பெரியம்மா கையால் ஒரு வாய்க் கஞ்சி குடித்தபிறகு, கலிமா சொன்னபடி அவர் உயிர் பிரிந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டும். பெரியத்தாவை இருபத்தோரு நாள் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகளுக்கு நன்றி. குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்திய தெருவாசிகளுக்கும், கபர்க் குழி வெட்டியவர்களுக்கும் நன்றி. பெரியம்மாவோடு இந்த ஒரு வருடம் மாறி மாறி வந்து தங்கிய சொந்தங்களுக்கு நன்றி. தூத்துக்குடியில் இருந்து கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து, ஜனாஸா அடக்கத்துக்குப் பத்து நிமிடம் பிந்தி, கபர் மண்ணில் கை வைத்து அழுதுவிட்டுப் போன அந்த ஆபரேட்டருக்கு நன்றி. அவருடைய முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன், குரல் எனக்கு நல்ல பழக்கம். பள்ளிவாசல் வாசலில் வந்து நின்ற கிடங்கு ஒடிசாக்காரர்களுக்கும், இந்த மலரை அச்சிட உதவியவர்களுக்கும் நன்றி. இன்னொருவருக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வீட்டு ஆண் ஒருவர் எழுந்து நின்று எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது நம் வழக்கம். இறந்தவர் யாருக்காவது கையாலோ நாவாலோ தீங்கு செய்திருந்தால் அவரை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். அன்று அதைக் கேட்க வேண்டியவன் நான். எழுந்து நின்றேன். பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பேசத் தொடங்கும்போது பார்த்தேன், மதில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாஜு உட்கார்ந்திருந்தார். லிஸி சேச்சி பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மற்ற நாளில் அது எல்லோரும் சொல்கிற வார்த்தை, எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அன்று அந்த முற்றத்தில் நான் அதைக் கேட்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான். எப்படியோ சொன்னேன். "எங்க அண்ணன் யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா, அவரைப் பொருந்திக்கோங்க."

கூட்டம் வழக்கம்போல முணுமுணுத்தது. அது அடங்கியபிறகு சாஜு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கை தூக்கினார். அந்த மூச்சில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

"நான் பொருந்திக்கிட்டேன்."

தொழுகை முடிந்து பெரியத்தாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் சாஜு பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்தார். மூச்சு இன்னும் நிதானத்துக்கு வரவில்லை.

"உங்க ஆளுங்க இந்த நேரத்துல என்ன சொல்லுவாங்கன்னு வாசல்ல நின்னவர்கிட்ட கேட்டுட்டு வந்தேன்," என்றார். "சரியா சொன்னேனா?"

சரியாகத்தான் சொன்னீர்கள் சாஜு. அன்று எனக்குத் தலையை ஆட்டத்தான் முடிந்தது. இதில் எழுதிச் சொல்கிறேன்.